எண்ணியது எங்கே?

அன்புள்ள தம்பி,

நீ எழுதி அனுப்பிய முதலமைச்சர் அட்டவணை வந்து சேர்ந்தது. தேதிகளில் பிழை இல்லை. ஆனால் கடைசியில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதியிருந்தாயே, “தேர்தலே நடக்காத ஆண்டில் முதல்வர் மாறினால், அது ஓட்டுப் போட்ட மக்களை ஏமாற்றுவது ஆகாதா ஐயா?” என்று, அதுதான் என்னை இந்தக் கடிதத்துக்கு உட்கார வைத்தது. இதே கேள்வியைக் கோபமாகவும் கிண்டலாகவும் பலர் கேட்டுக் காதில் விழுந்திருக்கிறது. நீ கவலையோடு கேட்டிருக்கிறாய். அதனால் முழுதாகவே பதில் எழுதுகிறேன்.

“மக்கள் தேர்ந்தெடுத்த முதல்வர்” என்று மேடையில் பேசுகிறார்கள். “முதல்வர் வேட்பாளர்” என்று சுவரொட்டி அடிக்கிறார்கள். அப்படி ஒரு வேட்பாளர் எந்த வாக்குச்சீட்டிலும் இருந்ததில்லை. நீ உன் தொகுதிக்கு ஓர் உறுப்பினரை அனுப்புகிறாய். அப்படிப் போனவர்கள் கூடி உட்காரும் அவையில் யாருக்குப் பெரும்பான்மை இருக்கிறதோ அவர் முதல்வர். அந்தப் பெரும்பான்மை இருக்கும் நாள் வரைதான் முதல்வர். அரசியல் சட்டத்தின் 164ஆம் பிரிவை நீ மனப்பாடமாகவே ஒப்பிப்பாய். ஒப்பித்தால் போதாது, அதை நம்பவும் வேண்டும். முதல்வரை ஆளுநர் நியமிக்கிறார், அமைச்சரவை சட்டமன்றத்துக்குக் கூட்டாகப் பொறுப்பு என்ற இரண்டு செய்திகளுக்கு நடுவில்தான் நம் மாநிலத்தின் அரசியல் வரலாறு முழுவதும் கிடக்கிறது.

ஒரு கணக்குச் சொல்கிறேன், உன் அட்டவணையில் விடுபட்டதையும் (பின்னால் சொல்கிறேன்) சேர்த்துச் சரிபார்த்துக்கொள். 1946இல் பிரகாசம் பதவியேற்றது முதல் 2021இல் ஸ்டாலின் பதவியேற்றது வரை எடுத்துக்கொள். ஆட்சியில் இருந்தவரே தேர்தலில் வென்று தொடர்ந்ததைக் கழித்துவிடு. பொதுத்தேர்தலை ஒட்டி ஒருவர் வந்து அமர்ந்தது 12 முறை. இரண்டு தேர்தலுக்கு நடுவே நாற்காலி கைமாறியது 14 முறை. நடுவில் மாறுவதே ஏமாற்று என்றால், நம் வரலாற்றில் பாதிக்கு மேல் ஏமாற்று என்றாகும். ஓமந்தூராரும் காமராசரும் அந்தப் பதினான்கில்தான் வருகிறார்கள். அவர்களை மக்களை ஏமாற்றி வந்தவர்கள் என்று சொல்ல உனக்கு மனம் வருமா?

ஆகவே கேள்வியை வேறு விதமாகக் கேட்க வேண்டும். இவருக்குப் பெரும்பான்மை இருக்கிறது என்று எங்கே வைத்து எண்ணினார்கள்? கவர்னர் மாளிகையிலா, கட்சிக் கூட்டத்திலா, சட்டமன்றத்திலா? என் வரையில் முதல்வர்களின் வரிசையைப் படிக்க இதைவிட நல்ல சாவி இல்லை. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் மணியைப் பார்ப்பார்கள். இருந்தாலும் நான் விடுவதாக இல்லை.

நீதிக்கட்சிக் காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம். 1920இல் வெள்ளைக்கார கவர்னர் வெலிங்டன் பிரபு முதலில் தியாகராயச் செட்டியாரைத்தான் அழைத்தார். அவர் மறுத்ததால் சுப்பராயலு ரெட்டியார் வந்தார். சில மாதங்களில் உடல்நலம் கெட்டு அவர் விலக, பனகல் அரசர் வந்தார். இங்கெல்லாம் எண்ணியவர் கவர்னர். அதன் உச்சம் 1937. 215 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் காங்கிரஸ் 159 இடங்களைப் பிடித்தது. கவர்னர்கள் அன்றாட நிர்வாகத்தில் தலையிடமாட்டோம் என்று உறுதி தந்தால்தான் பதவி ஏற்போம் என்று காங்கிரஸ் ஒதுங்கி நின்றது. உடனே கவர்னர் எர்ஸ்கின் பிரபு கூர்மா வெங்கட ரெட்டி நாயுடுவைக் கூப்பிட்டு அமைச்சரவை அமைக்கச் சொன்னார். ஏப்ரல் 1 முதல் ஜூலை 14 வரை, பெரும்பான்மையின் நிழல்கூட இல்லாத ஓர் அமைச்சரவை இந்த மாகாணத்தை நடத்தியது. நீ அந்தப் பெயரை அட்டவணையில் சேர்த்திருக்கிறாய், நல்லது. பல புத்தகங்கள் விட்டுவிடுகின்றன.

1946இல் எண்ணுமிடம் கட்சிக் கூட்டத்துக்கு வந்துவிட்டது. காந்தியடிகள் ராஜாஜியை விரும்பினார். சட்டமன்றக் காங்கிரஸ் கட்சி ஏற்கவில்லை. பிரகாசம் தலைவரானார். அடுத்த ஆண்டே அதே கட்சி அவரை இறக்கிவிட்டு ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரை ஏற்றியது. ஓமந்தூராரையும் விட்டுவைக்கவில்லை; 1949இல் குமாரசாமி ராஜா வந்தார். மூன்று ஆண்டுக்குள் மூன்று பேர். இதை நிலையின்மை என்று பாடநூல் எழுதும். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. கவர்னரின் விருப்பத்தில் வந்தவர் கவர்னர் விரும்பும்வரை இருப்பார். உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தவரை உறுப்பினர்களே கேள்வி கேட்பார்கள், தேவையானால் மாற்றுவார்கள். ஆலய நுழைவுச் சட்டமும் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் ஜமீன் ஒழிப்புச் சட்டமும் அந்த “நிலையில்லாத” ஆண்டுகளில்தான் வந்தன.

இனி 1952. இதை எழுதத் தொடங்கினால் என் பேனா நிற்காது என்று உனக்குத் தெரியும். பொறுத்துக்கொள்.

அப்போது சென்னை மாநிலம் என்பது இன்றைய தமிழ்நாடு அல்ல. ஆந்திரமும் மலபாரும் தென் கன்னடமும் சேர்ந்தது. சட்டமன்றத்தில் 375 இடங்கள். வயது வந்த அனைவரும் வாக்களித்த முதல் தேர்தலில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152. பெரும்பான்மைக்கு வேண்டியது 188. பதவியில் இருந்த குமாரசாமி ராஜாவே தோற்றுப்போனார். கம்யூனிஸ்டுகள் 62 பேர் வந்தார்கள். பிரகாசம் அப்போது காங்கிரசை விட்டு விலகியிருந்தார். கம்யூனிஸ்டுகளையும் பிறரையும் சேர்த்து ஐக்கிய ஜனநாயக முன்னணி என்று ஒன்றை அமைத்து, தம் பக்கம் 166 பேர் இருப்பதாக ஆளுநரிடம் சொன்னார்.

ஆளுநர் ஸ்ரீபிரகாசா வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அவர் முன்னால் இரண்டு எண்கள் இருந்தன: 152, 166. இரண்டும் 188ஐத் தொடவில்லை. ஒன்று, தேர்தலில் தனிக்கட்சியாக அதிக இடம் பெற்றது. மற்றொன்று, தேர்தலுக்குப் பிறகு கூடிய கூட்டணி. யாரைக் கூப்பிடுவது? இந்தத் தலைவலி இன்றைய ஆளுநர்களுக்கும் வருகிறது. 1988இல் அறிக்கை தந்த சர்க்காரியா கமிஷன், தேர்தலுக்கு முன்பே அமைந்த கூட்டணி முதலில், பிறரது ஆதரவோடு வரும் தனிப்பெருங்கட்சி அடுத்து, தேர்தலுக்குப் பின் கூடிய கூட்டணி அதற்கும் பின்னால் என்று ஒரு வரிசை போட்டுத் தந்தது. 1952இல் அப்படி எந்த வழிகாட்டியும் இல்லை. அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தே இரண்டு ஆண்டுதான்.

காங்கிரஸ்காரர்களோ தங்களில் ஒருவரை முன்னால் நிறுத்தி வெல்ல முடியாது என்று பயந்தார்கள். கவர்னர் ஜெனரலாக இருந்தவர், டில்லியில் உள்துறை அமைச்சராக இருந்தவர், எல்லாம் போதும் என்று ஓய்வாக வீட்டில் இருந்த ராஜாஜியைப் போய் அழைத்தார்கள். அவர் தேர்தலில் நிற்கவில்லை. இடைத்தேர்தலில் நிற்கவும் விருப்பமில்லை. ஆளுநர் அவரை மேலவைக்கு நியமன உறுப்பினர் ஆக்கினார். ஏப்ரல் 10ஆம் தேதி முதல்வராகப் பதவிப் பிரமாணமும் செய்துவைத்தார். கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி இதை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போனார், மனு தள்ளுபடியானது. நேருவுக்கும் இது பிடிக்கவில்லை. பதவியில் எப்படியாவது ஒட்டிக்கொண்டிருக்கிறோம் என்ற பேச்சு வரக்கூடாது என்பது அவர் எண்ணம்.

“கொல்லைப்புற வழியாக வந்தார்” என்ற பழியை இன்றுவரை ராஜாஜி சுமக்கிறார். நீயும் ஒரு குறிப்பில் அப்படித்தான் எழுதியிருக்கிறாய். அதைத்தான் மறுக்கிறேன், கவனமாகப் படி. தேர்தலில் நிற்காமல் வந்தது குற்றம் என்றால், 1954இல் காமராசர் முதல்வரானபோது அவரும் சட்டமன்ற உறுப்பினர் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மக்களவைக்குப் போயிருந்தவர். பிறகுதான் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று வென்றார். 1967இல் அண்ணா தென்சென்னையிலிருந்து மக்களவைக்குத் தேர்வானவர். அதை விட்டுவிட்டு வந்து மேலவை உறுப்பினராகித்தான் முதல்வராக இருந்தார். அண்ணாவை யாரேனும் கொல்லைப்புறம் என்றார்களா? உறுப்பினர் அல்லாதவர் ஆறு மாதத்துக்குள் உறுப்பினராகிவிட வேண்டும் என்பது சட்டம் தந்த வாசல். அது முன்வாசல்தான்.

1952இன் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. யாருக்கு எத்தனை பேர் என்பதை அவை கூடி எண்ணுவதற்கு முன்பே ஆளுநர் மாளிகையில் முடிவு செய்தார்கள். பதவி கைக்கு வந்த பிறகு ஆள் சேர்த்தார்கள். ஆறு உறுப்பினர்கள் கொண்ட காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரானார். சுயேச்சைகள் பக்கம் மாறினார்கள். ஜூலை 3ஆம் தேதி, அதாவது பதவியேற்றுப் பன்னிரண்டு வாரம் கழித்து, ராஜாஜி நம்பிக்கை வாக்கைப் பெற்றார்: 200 பேர் ஆதரவு, 151 பேர் எதிர்ப்பு. 152 என்று தொடங்கியது 200 ஆகிவிட்டதைப் பார். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் பக்கம் ஆள் சேருவது எளிது. பிரகாசத்தை அந்த நாற்காலியில் உட்கார வைத்திருந்தால் அவர் பக்கமும் சிலர் நகர்ந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். யாரை முதலில் உட்கார வைப்பது என்ற முடிவே பாதி வெற்றியை நிர்ணயித்துவிடுகிறது. பதவியேற்ற அடுத்த சில நாட்களில் அவையைக் கூட்டி எண்ணியிருந்தால், யார் வென்றாலும் எனக்கு ஒரு வார்த்தை இல்லை.

கன்னிமாரா நூலகத்தில் அந்தக் கால அவை நடவடிக்கைக் குறிப்புகளைப் புரட்டிய நாட்கள் நினைவுக்கு வருகின்றன. அப்போது அரசியல் நிர்ணய சபை விவாதங்களையும் சேர்த்துப் படித்தேன், அங்கே ஒரு செய்தி கிடைத்தது. மாநில ஆளுநரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றுதான் 1947இல் முடிவு செய்திருந்தார்கள். 1949இல் அதை மாற்றி, குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்று ஆக்கினார்கள். மக்கள் ஓட்டில் வந்த ஆளுநரும் மக்கள் ஓட்டில் வந்த அவையின் முதல்வரும் முட்டிக்கொள்வார்கள் என்ற பயம் ஒரு காரணம். நியாயமான பயம். ஆனால் அப்படி நியமனமாக வந்த ஒரு மனிதர், அடுத்த மூன்றாம் ஆண்டே 375 பேர் வேலையைத் தாமே செய்யப்போகிறார் என்று அன்று அவையில் இருந்தவர்களில் எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்? ஸ்ரீபிரகாசா பின்னாளில் மாநில ஆளுநர்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். கிடைத்தால் படி. ராஜ்மோகன் காந்தி எழுதிய ராஜாஜி வரலாற்றையும் படி. ஒரே நிகழ்ச்சியை ஒருவர் ஆளுநரின் இடத்திலிருந்தும் மற்றவர் பேரனின் இடத்திலிருந்தும் பார்ப்பதை அருகருகே வைத்துப் படிப்பதுதான் வரலாற்றுப் பயிற்சி. ஒருவரி விடைப் புத்தகங்களில் அது கிடைக்காது; அவற்றைக் கொஞ்ச நாள் மூடி வை என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்!

சரி, மேலே போவோம். தாம் கொண்டுவந்த குலக்கல்வித் திட்டத்தால் எழுந்த எதிர்ப்பில் ராஜாஜி விலக நேர்ந்தது. 1954 மார்ச் 30ஆம் தேதி சட்டமன்றக் காங்கிரஸ் கட்சி கூடியது. ராஜாஜி தரப்பில் சி. சுப்பிரமணியம், எதிரில் காமராசர். 93க்கு 41 என்று காமராசர் வென்றார். வென்றவர் தோற்றவரைத் தம் அமைச்சரவையிலேயே சேர்த்துக்கொண்டார், பக்தவத்சலத்தையும் சேர்த்தார். எண்ணிக்கை வெளிப்படையாக நடந்தால் தோற்றவருக்கும் அவமானம் இருக்காது, அடுத்த நாளே ஒன்றாக உட்கார்ந்து வேலை பார்க்கலாம். 1963 அக்டோபர் 2ஆம் தேதி காமராசர் தாமாக விலகிப் பக்தவத்சலத்திடம் ஒப்படைத்ததும் எந்தக் கலவரமும் இல்லாமல் நடந்தது.

இப்போது உன் அட்டவணையில் உள்ள குறை. அண்ணா 1969 பிப்ரவரி 3ஆம் தேதி மறைந்தார் என்று எழுதி, அடுத்த வரியில் பிப்ரவரி 10 கருணாநிதி என்று போட்டிருக்கிறாய். நடுவில் ஒரு வாரம் மாநிலம் யார் பொறுப்பில் இருந்தது? நாவலர் நெடுஞ்செழியன் பொறுப்பில். 1987 டிசம்பர் 24ஆம் தேதி எம்.ஜி.ஆர். மறைந்தபோதும் அவர்தான் இரண்டு வாரம் தாங்கினார். இரண்டு முறையும் தலைவரை இழந்து ஊரே கதறிக்கொண்டிருந்த நேரம். கோப்புகளில் கையெழுத்திட, காவல்துறைக்கு உத்தரவிட ஒருவர் வேண்டும் அல்லவா? அந்த ஒருவர் அவர். தற்காலிகப் பொறுப்பு என்று சொல்லி அவரை வரிசையிலிருந்து நீக்குவது எனக்குப் பொறுப்பதில்லை. அதேபோல 1976, 1980, 1988, 1991 என்று நான்கு முறை வந்த குடியரசுத் தலைவர் ஆட்சியையும் விட்டுவிட்டு, ஒரு முதல்வருக்குப் பின் அடுத்த முதல்வர் என்று ஒட்டிவிட்டாய். 1976 ஜனவரி 31க்கும் 1977 ஜூன் 30க்கும் நடுவில் பதினேழு மாதம் இந்த மாநிலத்தில் முதல்வரே இல்லை. சோழர் வரிசை போல இதை எழுதாதே. அரசன் போனால் அடுத்த அரசன் உண்டு. இங்கே குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தால் நாற்காலியும் காலியாக இருக்கும்.

அவையில் எண்ணிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைத்துவிடாதே. 1988 ஜனவரி 7ஆம் தேதி ஜானகி அம்மையார் பதவியேற்றார். ஜனவரி 28ஆம் தேதி அவையில் நம்பிக்கை வாக்கெடுப்பு. கட்சி இரண்டாகப் பிளந்திருந்தது. உறுப்பினர்களை நீக்குவதும் அடிதடியும் அவைக்குள் போலீஸ் நுழைவதுமாக அந்த நாள் முடிந்தது. அரசு வென்றதாக அறிவித்தார்கள்; அந்த எண்ணிக்கையை நம்ப ஆளில்லை. இரண்டு நாளில் ஆட்சி கலைக்கப்பட்டது. எண்ணும் இடம் சரியாக இருந்தும் எண்ணும் கை நடுநிலையாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி. கர்நாடகத்து பொம்மை வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம், பெரும்பான்மையை அவையில்தான் சோதிக்க வேண்டும் என்று சொன்னது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு பேசுவது எளிது. அதற்கு முன் பட்ட பாடு இது.

2017 பிப்ரவரி 18ஆம் தேதி எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை கோரியதைத் தொலைக்காட்சியில் நீ பார்த்திருப்பாய். அவையைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு பகுதியாக, ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும், பிறகு எதிர்ப்பவர்கள், பிறகு நடுநிலை. செயலகத்தார் வரிசை வரிசையாக எண்ணிக் குறித்துக்கொள்வார்கள். ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்று கேட்டவர்களுக்கு அது கிடைக்கவில்லை. தி.மு.க.வினர் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். 122 ஆதரவு, 11 எதிர்ப்பு. அதற்கு முந்தைய நாட்களில் ஆளுங்கட்சி உறுப்பினர்கள் கூவத்தூர் விடுதியில் தங்க வைக்கப்பட்டிருந்ததையும் மறக்க முடியாது. எண்ணியது அவையில்தான். ஆனால் எண்ணப்படுகிறவர்களை அதுவரை எங்கே வைத்திருந்தார்கள் என்ற கேள்வியும் இப்போது கூடவே வந்துவிட்டது. ‘எங்கே எண்ணினார்கள்’ என்ற ஒரு கட்டம் மட்டும் அட்டவணைக்குப் போதாது போலிருக்கிறது.

2001ஐப் பற்றி ஒரு வரி. தேர்தலில் நிற்கத் தகுதியில்லை என்று வேட்புமனு தள்ளப்பட்ட ஒருவரை, ஆறு மாத வாசலைக் காட்டி முதல்வராக்க முடியுமா என்ற கேள்விக்கு, முடியாது என்று செப்டம்பர் 21ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். ஜெயலலிதா விலகி, அன்றே பன்னீர்செல்வம் வந்தார். வாசல் இருக்கிறது, ஆனால் யாருக்கு என்பதற்கு எல்லை உண்டு.

நீ கேட்ட ஏமாற்றுக்கு வருகிறேன். நடுவில் வந்தவர்கள் மக்களிடம் போகாமல் தப்பித்துவிடவில்லை. குமாரசாமி ராஜா நடுவில் வந்தார். 1952இல் மக்கள் அவரைத் தோற்கடித்தார்கள். காமராசர் நடுவில் வந்தார். 1957இலும் 1962இலும் மக்கள் அவரை ஏற்றுக்கொண்டார்கள். பக்தவத்சலம் 1967இல் ஸ்ரீபெரும்புதூரில் தம் தொகுதியையே இழந்தார். கருணாநிதி 1971இல் 184 இடங்களோடு திரும்பினார். அண்ணாவின் இடத்துக்கு இவர் வந்தது சரியா என்று கேட்டவர்களுக்கு அது பதில். ஜானகி அம்மையார் 1989இல் ஆண்டிபட்டியில் தோற்றார், அவர் அணிக்கு இரண்டே இடங்கள் கிடைத்தன. பழனிசாமி 2021இல் எடப்பாடியில் வென்றார், ஆட்சியை இழந்தார். இவர்கள் ஒவ்வொருவரையும் முதலில் கட்சியோ அவையோ எண்ணி உட்கார வைத்தது. பிறகு மக்கள் எண்ணினார்கள். ராஜாஜி 1954இலேயே விலகிவிட்டதால் 1957இல் முதல்வராக இருந்து மக்கள் முன் நிற்கவில்லை. 1952ஐப் பற்றிய என் மனக்குறை தீராததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஓமந்தூராருக்கும் அந்த வாய்ப்பு அமையவில்லை. அவர் விலகிய 1949ஆம் ஆண்டில் கட்சிக்குள் என்ன நடந்தது என்று தேடி, நான்கு பக்கத்துக்குள் எழுதி அனுப்பு. அடுத்த கடிதத்தில் அதைப் பற்றிப் பேசுவோம்.

அன்புடன்,
உன் ஆசிரியர்